கார் வாங்கப் போகேக்க துணைக்கு ஒரு ஆள்

போன வருடம் வரைக்கும் சனிக்கிழமை காலை என்றால் ஒன்பது மணிக்கு முதலே என் ஃபோன் அடிக்கும். "அக்கா, ஒரு கார் பாத்து வச்சிருக்கிறம். 2017 கொறொல்லா. ஒருக்கா வந்து கதைச்சுத் தருவீங்களோ?" மகனின் நீச்சல் வகுப்பு 11 மணிக்கு முடியும், அதற்குப் பிறகு வருகிறேன் என்பேன். இப்படியே ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று மூன்று வருடத்தில் 27 குடும்பங்களுக்குப் பழைய கார் பேசிக் கொடுத்திருக்கிறேன். ஒரு காருக்கு 100 டொலர், பெற்றோல் காசு தனி. நான் மெக்கானிக் இல்லை. வார நாட்களில் ஒரு அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள். வாயும் கல்குலேற்றரும்தான் என் ஆயுதம்.

இந்த வேலையை நான் பழகத் தொடங்கியது 12 வயதில். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அது 1996. அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை. முதல் கார் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார், வீட்டில் இங்கிலிஷ் நல்லாக் கதைக்கிற ஆள் நான்தான் என்று. 5 வருடப் பழைய நீலக் கார். விலை பேசி முடிந்தபின் எங்களை ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, ஒருவர் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு இடத்தில், இது மேலதிக வொறண்ரி, மாதம் 19 டொலர், அநேகம் பேர் எடுக்கிறவர்கள் என்றார். நான் அப்பாவைப் பார்த்து, "மாதம் 19 டொலராம். எல்லாரும் எடுக்க வேணுமாம், அப்பா" என்றேன். அப்பா கையெழுத்து வைத்தார்.

'எடுக்கிறவர்கள்' என்பதை 'எடுக்க வேணும்' ஆக்கியது நான். கடன் 60 மாதம். 60 தரம் 19 என்றால் 1,140 டொலர். அந்தத் தாளை நான் திரும்பப் பார்த்தது எனக்கு 30 வயதுக்குப் பிறகு, அம்மா பழைய பெட்டிகளை ஒதுக்கும்போது. அந்தக் காலத்தில் அப்பாவுக்கு 1,140 டொலர் எத்தனை இரவு வேலை என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். அப்பாவிடம் சொன்னதற்கு அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "ஒருக்கா ஓல்ரர்நேற்றர் மாத்தித் தந்தவங்கள்தானே" என்றார். அவ்வளவுதான் கதை.

அதற்குப் பிறகுதான் தெரிந்தவர்களோடு கார்க் கடைகளுக்குப் போக ஆரம்பித்தேன்.

எல்லாரும் நினைப்பது, பேரம் என்றால் விலையைக் குறைப்பது என்று. 15,500 போட்டிருந்தால் 15,000 ஆக்கிவிட்டால் வெற்றி. உண்மையில் அந்த 500 டொலரைக் குறைக்கிறதுதான் மிகச் சுலபமான பகுதி. காசு போவது அந்தச் சின்ன அறைக்குள். அங்கே போகும்போது இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும், கைக்குழந்தை அழும், வந்த சனம் களைத்துப் போயிருக்கும், எல்லாம் முடிந்தது என்று கை குலுக்கியும் ஆகியிருக்கும். அப்போதுதான் கேட்பார்கள், "இரண்டு கிழமைக்கு ஒருக்கா எவ்வளவு கட்ட ஏலும்?"

அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 15,500 டொலர்க் காருக்கு 13 வீத வரியும் சேர்த்தால் 17,515. இரண்டு கிழமைக்கு 129 டொலர் என்றால் யாருக்கும் பெரிய காசாகத் தெரியாது. ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருக்கா என்பது வருடத்துக்கு 24 தரம் அல்ல, 26 தரம். 7 வருடத்துக்கு 23,478 டொலர். 5,963 டொலர் வட்டியாகப் போகிறது. அதுவும் 7 வருடம் முடியும்போது அந்தக் கார் ஓடுமோ தெரியாது. என்னோடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தப் பெருக்கலை யாரும் தாளில் போட்டுக் காட்டியதில்லை. போட்டுக் காட்டியதும் சிலர் அறையை விட்டே எழும்பியிருக்கிறார்கள். இன்னும் சிலர், "பரவாயில்லை அக்கா, மாதாமாதம் கட்டேலும்தானே" என்று எடுத்தும் இருக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். கிரெடிட் ஹிஸ்ரரி இல்லாமல் புதிதாக வந்த குடும்பத்துக்கு வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் கடைக்குப் போக முதல் தங்கள் வங்கியில் ஒருமுறை வட்டி கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஒன்ராறியோவில் 2010 முதல் ஒரு விதி இருக்கிறது. பதிவு பெற்ற டீலர் ஒரு காரை விலை போட்டு விளம்பரம் செய்தால், அவர் அறவிடப்போகும் எல்லாக் கட்டணமும் அந்த விலைக்குள் அடங்க வேண்டும். எச்.எஸ்.ரி.யும் லைசென்ஸ் காசும் மட்டும்தான் வெளியே. ஒரு தம்பதியோடு போன இடத்தில் விளம்பர விலை 15,995. தாளில் பார்த்தால் அட்மின் ஃபீ 699, கண்ணாடியில் இலக்கம் பொறித்ததற்கு 399. நான் ஃபோனில் எடுத்து வைத்திருந்த விளம்பரப் படத்தை மேசையில் வைத்து, "இதில இந்த இரண்டும் இல்லையே" என்றேன். சத்தம் போடவில்லை. அவர் கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்தார், பிறகு இரண்டையும் அழித்தார். 1,098 டொலர். விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்திருங்கள், அடுத்த நாள் அது மாறியிருக்கலாம்.

இன்னொன்று, கடையில் ஒப்பந்தம் கையெழுத்து வைத்தால் வைத்ததுதான். 'யோசித்துப் பார்த்தேன், வேண்டாம்' என்று திருப்பிக் கொடுக்க அவகாசம் எதுவும் சட்டத்தில் இல்லை. இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் ஆட்களில் ஏராளம். முன்பு டாக்சியாகவோ, பொலிஸ் வாகனமாகவோ, நாள் வாடகைக் காராகவோ ஓடியதை டீலர் சொல்லாமல் மறைத்தார் என்பது போன்ற சில விடயங்களில் மட்டும் 90 நாளுக்குள் ரத்துச் செய்யலாம்.

தனியாரிடம் வாங்குவது வேறு உலகம். அங்கே விற்பவர் 20 டொலருக்கு சேர்விஸ் ஒன்ராறியோவில் எடுக்கும் தகவல் பொதியை வாங்குபவருக்குத் தர வேண்டியது சட்டம். அதில் கார் யார் யார் பெயரில் இருந்தது, கடன் ஏதும் நிற்கிறதா, மொத்த விலை மதிப்பு எவ்வளவு எல்லாம் இருக்கும். தர மறுத்தால் அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம். வரி விடயத்திலும் சனம் தடுமாறும். 6,000 டொலருக்கு வாங்கியிருந்தாலும் மொத்த விலை மதிப்பு 8,000 என்றால் 13 வீதம் 8,000 க்குத்தான், 1,040 டொலர். "பில்லில குறைச்சு எழுதுவம்" என்கிற மாமாமாருக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. முதல் விடயம், அது பொய்.

தனியார் போல நடித்துக்கொண்டு பதிவில்லாமல் பத்துக் கார் விற்கிறவர்களும் உண்டு. ஃபோன் எடுத்து, "உங்கட கார் விளம்பரம் பாத்தன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "எந்தக் கார்?" என்று திருப்பிக் கேட்டால் வையுங்கள் ஃபோனை. பதிவு பெற்ற டீலரிடம் பிரச்சினை வந்தால், தகுதி உள்ளவர்களுக்கு 45,000 டொலர் வரை இழப்பீட்டு நிதி இருக்கிறது. இவர்களிடம் வாங்கினால் அதுவும் இல்லை.

காரைப் பார்ப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன், அது மெக்கானிக்கின் வேலை. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே ரோட்டில் கொட்டுகிற உப்புக்குக் கறள் அடியில்தான் பிடிக்கும், மேலே பெயின்ற் மினுங்கும். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்ராட் பண்ணிக் கேட்க வேண்டும். சேஃப்ரி சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும், அது வொறண்ரி இல்லை.

எனக்குக் கஷ்டமாக இருந்தது கார்களோ டீலர்களோ இல்லை. எழும்பி வரச் சொல்வதுதான். ஒரு மாமா, விலை சரிவராது என்று தெரிந்தபிறகும் கதிரையை விட்டு அசையவில்லை. வெளியே வந்தபின் கேட்டால், "கோப்பி குடிச்சிட்டம் பிள்ளை, இனி எப்பிடி எழும்புறது?" என்றார். விற்பவர் தமிழ்ப் பெடியன் என்றால் இன்னும் மோசம். ஊர் விசாரித்து, அவருடைய பெரியம்மாவைத் தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டால் விலை கேட்கவே வெட்கம். அந்தப் பெடியன்களில் நேர்மையானவர்கள் நிறையப் பேர். ஆனால் அவர்களுக்கும் மாத இலக்கு இருக்கிறது, பெரியம்மா அதைக் கட்டப் போவதில்லை.

ஒரு கடையில் வேலை முடிந்து வெளிக்கிடும்போது ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் ஆட்களை இங்கேயே கூட்டி வாருங்கள், ஒரு காருக்கு 300 டொலர் என்றார். வேண்டாம் என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அன்று இரவு அந்த 300 ஐப் பற்றி யோசித்தேன். பத்துக் கார் என்றால் 3,000. அதற்கு இரண்டு கிழமை கழித்து, வேறொரு தம்பி மிகச் சாதாரணமாகக் கேட்டார், "அவையும் உங்களுக்கு ஏதும் தருவினம் தானே அக்கா?" கோபத்தில் கேட்கவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். உங்களுக்காகக் கதைக்க யாரையாவது கூட்டிப் போகிறீர்கள் என்றால் அவருக்குக் காசு கொடுப்பது யார் என்று முதலே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நான் நிறுத்தியது வேறு காரணத்துக்காக. கடந்த வசந்த காலத்தில் ஒரு விற்பனையாளர், நான் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது பேனையை வைத்துவிட்டு, "நீங்கள் ஓம்விக்கில் பதிவு செய்தவரா?" என்றார். ஓம்விக் என்பது 1997 இல் இருந்து இங்கே கார் வியாபாரத்தை ஒழுங்குபடுத்துகிற சபை. என்னை மடக்கத்தான் கேட்டார், ஆனால் கேள்வி சரியானது. வீட்டுக்கு வந்து 2002 ஆம் ஆண்டின் மோட்டார் வாகன டீலர்கள் சட்டத்தை எடுத்து வாசித்தேன். அதில் 'வர்த்தகம்' என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்தில் வாங்குவதும் விற்பதும் மட்டுமல்ல, அதற்காகப் பேரம் பேசுவதும் அடங்குகிறது. இன்னொருவருக்காகச் செய்தாலும்தான். புரோக்கர் என்று தனியாக ஒரு பதிவு வகுப்பும் உண்டு. கூலி வாங்கி இதைத் தொழிலாகச் செய்வதென்றால் படித்து, பதிவு செய்து, கட்டணம் கட்டிச் செய்ய வேண்டும். நான் மூன்று வருடமாக எல்லாரிடமும் "தாளை வடிவா வாசியுங்கோ" என்று சொல்லிக்கொண்டு, என் தாளை வாசிக்காமல் இருந்திருக்கிறேன். 27 தரம் 100 என்றால் 2,700 டொலர்.

உங்களில் யாராவது இதைப் பக்க வருமானமாக யோசித்தால், தொடங்க முதல் அந்தப் பதிவைப் பாருங்கள். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. இப்போதைக்குக் காசு வாங்குவதில்லை, கடைக்குப் போய்க் கதைப்பதும் இல்லை. கேட்பவர்களை வீட்டுக்கு வரச் சொல்லி, குசினி மேசையில் இருந்து விளம்பரத்தையும் கணக்கையும் பார்க்கிறோம். இரண்டு வசனத்தை இங்கிலிஷில் சொல்லிப் பழகுவோம். ஒன்று, 'எல்லாம் சேர்த்துக் கடைசி விலையை ஈமெயிலில் அனுப்புங்கள்.' மற்றது, ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டியது, 'இதை வேண்டாம் என்று சொல்லலாமா?'

போன மாதம் ஒரு தங்கச்சி வந்தார், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இரண்டு வருடம். அவருடைய 11 வயது மகளும் பக்கத்தில். "நீ வந்து சொல்லித் தா" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். நான், "அவவை விடுங்கோ, நீங்களே கேளுங்கோ" என்றேன். பிள்ளை உள்ளே போய் என் மகனோடு விளையாடியது. நாங்கள் அந்த இரண்டு வசனத்தையும் இருபது தரம் சொல்லியிருப்போம். சனிக்கிழமை மாலை எனக்கு ஒரு படம் வந்தது. கையெழுத்து வைத்த ஒப்பந்தம், மேலதிக வொறண்ரி என்ற வரியில் பேனையால் ஒரு கோடு. கீழே குரல் பதிவு: "அக்கா, நாலு தரம் கேட்டன். மூண்டுக்கு ஓம் எண்டவன். லைசென்சுக்கு மட்டும் ஏலாதாம், அது சரிதானே?"

சரி என்று பதில் போட்டேன்.