அடுப்படியில் ஆறும் மனம்



திருநாவலூர் என்ற பெயருக்குள்ளேயே ஒரு பழம் இருக்கிறது. சுந்தரர் பிறந்த ஊர் என்று நம் சைவச் சகோதரர்கள் போற்றும் இவ்வூரின் கோவிலில் தலமரமும் நாவல்தான். ஆனி, ஆடி மாதங்களில் நாவல் பழம் சாலையோரங்களில் விற்பனைக்கு வரும். சில வாரங்கள்தான். பிறகு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். இப்படிக் காத்திருந்து உண்பதைத்தான் இன்று ‘பருவகால உணவு’ என்று புதுப் பெயர் சூட்டி நமக்கே சொல்லித் தருகிறார்கள்.

கெடிலக் கரையிலிருந்து கல்வராயன் மலை வரை நம் பகுதிக்கென்று எழுதப்படாத ஓர் உணவு நாட்காட்டி உண்டு. சித்திரை, வைகாசி வெயிலுக்கு நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, கூழ். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தூதுவளை ரசம், முடக்கத்தான் தோசை, கொள்ளு ரசம். மார்கழி, தையில் மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு. மாசி, பங்குனியில் புளி. அந்தந்தக் காலத்தில் விளைவது புதிதாகக் கிடைக்கும், விலையும் குறைவாக இருக்கும்.

கூழையே எடுத்துக்கொள்வோம். கேழ்வரகு மாவை முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யை வேகவைத்து, அதில் மாவைக் கொட்டிக் கிளறி, ஆறவிட்டு, அடுத்த நாள் காலையில்தான் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடிப்பார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. புளிக்க வைப்பதால் அச்சத்தை உடல் எளிதாக ஏற்கிறது. இரண்டு இரவு பொறுத்தால்தான் ஒரு வேளைக் கூழ்.

கல்வராயன் மலையில் சாமையும் தினையும் காலங்காலமாக விளைகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் இவற்றுக்குக் கடைகளில் மவுசு கூடிவிட்டது. ஆனால் வெள்ளை வெளேரென்று தீட்டிப் பொட்டலம் கட்டிய சாமையில் தவிட்டோடு நார்ச்சத்தும் பெருமளவு போய்விடுகிறது, பெயர்தான் மிஞ்சுகிறது. அதற்காக ரேஷன் அரிசியை இழித்துப் பேசுவது நமக்கு அழகல்ல. பசியிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் காத்தது அந்த அரிசி.

உணவின் சத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். உணவைச் சமைக்கும்போது வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பங்குனி மாதத்தில் புளி தட்டும் திண்ணையை நினைத்துப் பாருங்கள். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்து, உப்பு சேர்த்துப் பானையில் அடைக்க வேண்டும். ஒருவரால் ஆகிற வேலையல்ல. மாமியார், மருமகள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று நான்கைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். கை வேலையில் இருக்கும், கண் புளியின் மேல் இருக்கும். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலேயே, முகம் பார்த்துச் சொல்ல முடியாத துயரங்கள் அங்கே வெளிவரும். புளியைப் பொட்டலத்தில் வாங்கத் தொடங்கியபோது நம் கைக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. கூடவே அந்தப் பேச்சும் நின்றுபோனது. (ஆண்கள் அந்த வட்டத்தில் உட்காருவதில்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.)

மேலைநாட்டில் 1979-ஆம் ஆண்டு ஜான் கபாட்-சின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், நாட்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் துன்புற்றவர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதன் முதல் பாடம் ஓர் உலர்திராட்சை. அதைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாகச் சுவைக்க வேண்டும். நமக்கு நாவல் பழமே போதும். முதலில் இனிப்பு, பிறகு துவர்ப்பு, கடைசியில் நாக்கில் நீலம். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி நின்று நன்றி சொல்லும் வழக்கத்தை மீட்டெடுங்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘லவுதாத்தோ சி’ மடலில் கேட்டதும் (எண் 227) ஏறக்குறைய இதைத்தான். பழைய திருச்சபை வழக்கிலும் ஆண்டுக்கு நான்கு முறை, பருவம் மாறும் வாரங்களில், புதன், வெள்ளி, சனி நாட்களை நோன்புக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். நல்ல சமையல் இருந்தால் சாராயம் ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அதற்குச் சட்டமும் காவலும் வேலையும் வேண்டும். ஆனால் உடல் அசதியையும் மனப் பாரத்தையும் இறக்கி வைக்க வீட்டில் ஓர் இடம் இல்லாதபோது மனிதர் வேறு இடம் தேடுகிறார்கள் என்பதை மறுக்க முடியுமா?

சாக விரும்பிப் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் முதலில் அறிவுரை சொல்லவில்லை. சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னார்; மீண்டும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னார் (1 அரசர்கள் 19). யாயிரின் மகளை எழுப்பிய இயேசுவும் அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார் (மாற்கு 5:43).

தூக்கமும் பசியும் பல வாரங்களாக இல்லாமல், வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அது ரசம் வைத்துக் கொடுத்துத் தீர்க்கும் காரியமல்ல. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் 2022 முதல் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார் சோறு கொண்டு போவார்கள். இவ்வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. கணவனை இழந்தவள் தனக்கென்று மட்டும் உலை வைக்க மனமின்றி, டீயும் ரொட்டியுமாக நாளைத் தள்ளத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். பங்கின் அன்பியக் கூட்டங்கள் அந்த இரண்டாம் மாதத்தைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். தை மாதமென்றால் ஒரு படி மொச்சைக்காயோடு அந்த வீட்டுக்குப் போகலாம். சேர்ந்து உட்கார்ந்து உரித்து முடிக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்.