எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினா என்ன ஆகும்?

ஓசூர்ல இருந்து பேசுறேன். போன எபிசோடு கேட்டுட்டு ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "ப்ரோ, பிராசஸர் எண்ணிக்கையை டபுள் பண்ணா வேகமும் டபுள் ஆகணும்தானே? என் புரோகிராம் ஏன் ஸ்லோ ஆகுது?" இன்னைக்கு முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

நம்ம சிப்காட்டையே எடுத்துக்கோங்க. எட்டு யூனிட் இருக்குன்னு வைங்க. ஒவ்வொரு யூனிட்டும் மத்த ஏழு யூனிட்டுக்கும் வேற வேற பார்ட் அனுப்பணும். மொத்தம் 8 × 7 = 56 டிரிப். யூனிட் 16 ஆனா 240. 64 ஆனா 4,032. யூனிட் எட்டு மடங்கு கூடினா, டிரிப் 72 மடங்கு கூடுது! பேரலல் புரோகிராமிங்ல இதுக்குப் பேர் ஆல்-டு-ஆல். ஒவ்வொரு ப்ராசஸும் மத்த எல்லா ப்ராசஸுக்கும் தனித்தனி டேட்டா அனுப்பும். கணக்குப் போடுற வேலை பங்கு பிரிக்கப் பிரிக்கக் குறையும். பேசிக்கிற வேலை கூடிக்கிட்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல எல்லா பிராசஸரும் வேலை செய்யுற நேரத்தை விட காத்திருக்கிற நேரம்தான் அதிகம்.

நான் இதைக் கத்துக்கிட்டது ஃபைனல் இயர் புராஜெக்ட்ல. எம்.பி.ஐ.ல ஆல்-டு-ஆல்னு ரெடிமேட் ஃபங்ஷன் இருக்கறது தெரியாம, நானே ஒரு லூப் எழுதினேன். முதல்ல எல்லாருக்கும் சென்ட், அப்புறம் எல்லார்கிட்ட இருந்தும் ரிசீவ். சின்ன டேட்டாவுல அருமையா ஓடுச்சு. ரிவ்யூ அன்னைக்குப் பெரிய டேட்டா கொடுத்தேன், அப்படியே நின்னுடுச்சு. எரர் இல்ல, ஒண்ணும் இல்ல, கர்சர் மட்டும் சிமிட்டுது. மூணு பேரோட நாலு மாச உழைப்பு எக்ஸாமினர் முன்னாடி உறைஞ்சு போச்சு.

காரணம் இதுதான். சின்ன மெசேஜை எம்.பி.ஐ. ஒரு பஃபர்ல வாங்கி வெச்சுக்கிட்டு "நீ போ"ன்னு சொல்லிடும். பெரிய மெசேஜ்னா, எதிர்ல இருக்கிறவர் ரிசீவ் கூப்பிடுற வரைக்கும் சென்ட் முடியாது. எல்லா லாரியும் லோடோட அடுத்த கம்பெனி கேட்ல நிக்குது. உள்ள இறக்கி வாங்க வேண்டிய ஆளும் தன் லாரியோட வேற கேட்ல நிக்கிறார். யாரும் நகர முடியாது. இதுதான் டெட்லாக். சென்ட்-ரிசீவ் ரெண்டையும் சேர்த்துச் செய்யுற ஃபங்ஷனைப் போட்டிருந்தாலே தப்பிச்சிருப்பேன். இன்னொண்ணும் ஞாபகம் வைங்க: ஆல்-டு-ஆல் மாதிரி கூட்டு ஃபங்ஷனை குழுவுல இருக்கிற எல்லா ப்ராசஸும் கூப்பிட்டே ஆகணும். ஒருத்தர் ஏதோ இஃப் கண்டிஷன்ல மாட்டி விட்டுட்டா, மத்தவங்க காத்துக்கிட்டே இருப்பாங்க.

சரி, அந்த ரெடிமேட் ஃபங்ஷன் உள்ள என்ன பண்ணுது? ரெண்டு வழி முக்கியம்.

முதல் வழி, நம்ம ஊர் கபடி லீக் மாதிரி. எட்டு டீம் இருந்தா ஏழு ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டுலயும் நாலு ஜோடி ஒரே நேரத்துல மோதும், எந்த டீமும் சும்மா இருக்காது. ஏழு ரவுண்டு முடிஞ்சா எல்லாரும் எல்லாரையும் பார்த்தாச்சு. டேட்டா பெரிசா இருந்தா இது நல்லது.

ரெண்டாவது, ப்ரக் அல்காரிதம். இதுல பார்சல் நேரா போகாது. அடுத்தவர் லாரியில ஏறி, அங்கிருந்து இன்னொரு லாரி மாறிப் போகும். எட்டு பேருக்கு மூணே ரவுண்டு. ஆனா ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒவ்வொருத்தரும் நாலு பார்சல் தூக்கணும், மொத்தம் 12. நேரா அனுப்பியிருந்தா ஏழுதான். லோடு கூடுது, டிரிப் குறையுது. மெசேஜ் ரொம்பச் சின்னதா இருக்கும்போது லாரி கிளம்புற செலவுதான் பெரிசு, அதனால அங்க இது ஜெயிக்கும். நல்ல எம்.பி.ஐ. லைப்ரரி மெசேஜ் சைஸைப் பார்த்து வழியை மாத்திக்கும்.

இது ஏதோ அமெரிக்காவுல நடக்கிற கதைன்னு நினைக்காதீங்க. ஜூஜூவாடி பார்டரைத் தாண்டி, நம்மில் பாதிப்பேர் தினமும் வேலைக்குப் போற பெங்களூருலயே இதோட மல்லுக்கட்டினவங்க இருக்காங்க. பழைய ஏர்போர்ட் ரோடுல இருக்கிற என்.ஏ.எல்., அதாவது விமான ஆராய்ச்சிக்கான மத்திய அரசு ஆய்வகம். 1986-ல ரொத்தம் நரசிம்மா இயக்குநரா இருந்தப்போ, யு.என். சின்ஹா தலைமையில ஒரு குழு ஃப்ளோசால்வர்ங்கிற பேரலல் கம்ப்யூட்டரை உருவாக்குச்சு. இந்தியாவோட முதல் பேரலல் கம்ப்யூட்டர்களில் அது ஒண்ணு.

அந்தக் காலத்துல பருவமழையைக் கணிக்க இந்தியா அமெரிக்காகிட்ட கேட்டது ரெண்டு பிராசஸர் உள்ள க்ரே எக்ஸ்-எம்.பி. 24. கொடுத்தது ஒரே பிராசஸர் உள்ள எக்ஸ்-எம்.பி. 14. டெல்லியில அதுல ஓடின வானிலை மாடலோட பேர் டி-80. தொண்ணூறுகளின் முதல் பாதியில அதே மாடலை நம்ம நாட்டு பேரலல் மெஷின்கள்ல ஓட்டிக் காட்டுற முயற்சி நடந்துச்சு. ஃப்ளோசால்வர் மார்க்-3-ல, இன்டெல் ஐ-860 சிப்களை வெச்சு, என்.ஏ.எல். குழு ஓட்டினாங்க. எம்.பி.ஐ. முதல் தரநிலையே 1994-லதான் வந்தது. அதனால செய்தி அனுப்புற கோடையும் அவங்களே எழுத வேண்டியிருந்தது.

இதுல ஆல்-டு-ஆல் எங்க வருது? டி-80 பூமியை 128 அட்சரேகையா வெட்டுது. எட்டு பிராசஸர்னா ஆளுக்கு 16 ரேகை. ஒரு ரேகை மேல ஃபூரியர் கணக்கு போடும்போது சிக்கல் இல்ல, டேட்டா எல்லாம் நம்ம கையிலயே இருக்கு. ஆனா அடுத்த படி லெஜாண்டர் கணக்கு. அதுல ஒவ்வொரு அலைக்கும் 128 ரேகையோட மதிப்பையும் கூட்டணும். என்கிட்ட என் 16 ரேகையோட பாதிக் கூட்டுத்தொகை, உங்ககிட்ட உங்களோடது. எல்லாத்தையும் கூட்டி, முழுத் தொகையை எல்லாருக்கும் திருப்பிக் கொடுக்கணும். இதுக்குப் பேர் ஆல்-ரெடியூஸ், ஆல்-டு-ஆலோட கூடப்பிறந்தது. ஒரு உயர அடுக்குல 3,321 அலை எண்கள்; 18 அடுக்கு. அப்போ காத்தோட வேகம், வெப்பநிலைன்னு ஒவ்வொரு அளவுக்கும் கிட்டத்தட்ட 60 ஆயிரம் எண்கள், டைம் ஸ்டெப்புக்கு டைம் ஸ்டெப் ஊர் சுத்தணும். இது தாமதமானா கணிப்பே தாமதம். மழை பெஞ்சு முடிஞ்சப்புறம் வர்ற கணிப்பை வெச்சு ராயக்கோட்டை தக்காளி விவசாயி என்ன பண்ணுவார்?

அவங்க பிற்பாடு கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃப்ளோஸ்விட்ச்னு ஒரு ஸ்விட்ச் செஞ்சாங்க. சாதாரண ஸ்விட்ச் டேட்டாவைக் கடத்தும், அவ்வளவுதான். இது கடத்தும்போதே கூட்டவும் செய்யும். எட்டு பேரோட எண்ணும் ஸ்விட்சுக்குள்ள போகும். வெளியே வரும்போது மொத்தத் தொகையா வரும். பார்சல் டிப்போவுலயே அசெம்பிளி முடிச்சு அனுப்புற மாதிரி. எல்லாரும் எல்லாரோடயும் பேச வேண்டிய அவசியமே குறைஞ்சுடுச்சு.

இன்னைக்கு ஏ.ஐ. மாடல் பயிற்சியில ஆயிரக்கணக்கான ஜி.பி.யு. ஆல்-ரெடியூஸ் பண்ணுது. என்விடியாவோட இன்ஃபினிபேண்ட் ஸ்விட்சுகள் ஷார்ப்ங்கிற பேர்ல அதே வேலையைச் செய்யுது: கூட்டலை நெட்வொர்க்குக்குள்ளயே முடிக்கிறது. நம்ம பக்கத்து ஊர்ல யோசிச்ச அதே யோசனைதான்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: அடுத்த தடவை பிராசஸர் கூட்டுறதுக்கு முன்னாடி, ஒரு டைமர் போட்டு கணக்குக்கு எவ்வளவு நேரம், பேச்சுக்கு எவ்வளவு நேரம்னு பிரிச்சுப் பாருங்க. பேச்சு பாதிக்கு மேல இருந்தா, புது மெஷின் வாங்கிப் பிரயோஜனம் இல்ல. யார் யாருக்கு என்ன அனுப்புறாங்க, அது உண்மையிலேயே தேவையான்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாருங்க. என் ஃபைனல் இயர்ல நான் செய்யாம விட்டது அதுதான்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.