தானியம் மலிந்தபோது டென்மார்க் கண்ட வழி

உலகச் சந்தையில் விலை சரியும்போது எல்லா நாடுகளும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. முதலாளித்துவம் என்ற பெயர் ஒன்றே. அதன் உருவமோ நாட்டுக்கு நாடு வேறு.

1870-களில் ரயிலும் நீராவிக் கப்பலும் அமெரிக்கக் கோதுமையை ஐரோப்பியத் துறைமுகங்களில் குவித்தன. தானிய விலை வீழ்ந்தது, குடியானவர்கள் கலங்கினர். ஜெர்மனி 1879-இல் சுங்கவரி விதித்து நிலக்கிழார்களைக் காத்தது. ஆயின், தொழிலாளியின் ரொட்டி மலிய வழியில்லாமற் போயிற்று. பிரிட்டன் தன் துறைமுகங்களை அடைக்கவில்லை. ரொட்டி மலிந்தது, கோதுமை வயல்கள் சுருங்கின.

அதுகாறும் தானியம் ஏற்றுமதி செய்துவந்த டென்மார்க் மூன்றாவது வழியை நாடிற்று. மலிந்த தானியத்தைக் கால்நடைத் தீவனமாக்கி, வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் விற்கத் தலைப்பட்டது. ஆனால், நான்கு பசுக்கள் உடைய குடியானவர் தனித்துக் கடைந்த வெண்ணெய், பெரும் பண்ணைகளின் வெண்ணெய்க்கு ஈடாகவில்லை. பாலாடை பிரிக்கும் புதிய இயந்திரத்தை வாங்கவும் அவரால் இயலவில்லை.

1882-இல் மேற்கு ஜட்லாந்திலுள்ள ஹியெட்டிங் என்ற சிற்றூரில் முதற் கூட்டுறவுப் பாற்பண்ணை தோன்றியது. அங்கத்தினர் கூட்டுப் பொறுப்பில் கடன் பெற்றனர். வீட்டுத் தேவை போக எஞ்சிய பால் முழுவதையும் சங்கத்திற்கே அளிப்பதென உறுதி செய்தனர். ஆடை நீக்கிய பால் தீவனத்திற்காகத் திரும்பி வந்தது. இலாபம் அளித்த பாலின் அளவுப்படி பகிரப்பட்டது. வாக்கோ ஆளுக்கு ஒன்று, பசுவுக்கு ஒன்றன்று.

1887-இல் ஜெர்மனி டேனிஷ் பன்றிகளை உள்ளே விட மறுத்தது. அதே ஆண்டில் ஹார்சென்ஸ் நகரில் கூட்டுறவு இறைச்சிச் சாலை எழுந்தது. உயிருடன் விற்க முடியாததை உப்பிட்டுப் பதப்படுத்தி, பிரிட்டனுக்கு அனுப்பினர்.

இவ்வெற்றியின் வேர் இயந்திரத்தில் இல்லை. பால் முழுவதையும் சங்கத்திற்கே தரும் கட்டுப்பாட்டில் இருந்தது. வெளியார் ஒருநாள் கூடுதல் விலை கூறும்போது அங்கத்தினர் அங்கே போய்விட்டால், இயந்திரக் கடனை யார் அடைப்பது?

ஆயிரத்துக்கு மேல் பெருகிய அப்பாற்பண்ணைகள் பிற்காலத்தில் ஒன்றோடொன்று இணைந்தன. 2000-இல் டேனிஷ், சுவீடிஷ் சங்கங்கள் சேர்ந்து ஆர்லா ஃபுட்ஸ் ஆயின. சந்தையில் வலிமை வளர்ந்தது. ஆனால், தம் ஊர்ப் பண்ணையின் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசிய குடியானவரின் குரல் இன்று ஆயிரக்கணக்கான குரல்களுள் ஒன்று. இணைப்பின் விலை அது.

உலக விலை நம் கையில் இல்லை. நெய்த துணியையும் விளைந்த பொருளையும் எங்கே சேர்ப்பது என்ற முடிவு நம் கையில் உள்ளது. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் இதனை ஆராய்வார்களாக.