சாயநீரும் மின்சாரமும்

விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள், சிவப்பு இல்லத்து மாணவி ஒருத்தி எம்மிடம் வந்தாள். அவளுடைய புதுச் சட்டையைத் துவைத்தபோது நீர் செக்கச் செவேலென ஓடியதாம். "அந்தச் சாயம் எங்கே போகும், ஐயா?" என வினவினாள். நல்ல வினா. ஒரு நகரமே சாயம் தோய்த்தால் என்னாகும் என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் திருப்பூர் அத்தகைய நகரம். பல நாடுகளுக்குச் செல்லும் பின்னலாடைகள் அங்கே உருவாகின்றன. வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யலாறு அந்நகரின் ஊடே சென்று காவிரியில் கலக்கிறது. உழவர்க்கென அவ்வாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினர். அணையில் தேங்கியதோ சாயக்கழிவு! கிணறுகள் உவர்த்தன, வயல்கள் கெட்டன. உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்து தவித்தனர் என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

சேறு தானே அடியில் படியும். நீரில் கரைந்த சாயம் அவ்வாறு படிவதில்லை. ஏன்? ரப்பர் பாலை நினைத்துப் பாருங்கள். கோப்பெங் வட்டாரத்தில் இன்று செம்பனையே மிகுந்துவிட்டது. எனினும் உங்கள் பாட்டியரைக் கேட்டால் சொல்வர். பாலில் உள்ள ரப்பர்த் துகள்கள் எதிர் மின்னூட்டம் உடையவை; ஒன்றையொன்று தள்ளுவதால் அவை சேர்வதில்லை. பார்மிக் அமிலத்தை விட்டால் அம்மின்னூட்டம் தணிந்து பால் உறைகிறது. பருத்திக்கு ஏற்றும் சாயங்களுள் பலவும் எதிர் மின்னூட்டம் உடையவையே.

அமிலம் அங்கே செய்ததை ஒத்த வேலையை இங்கே மின்சாரம் செய்கிறது. இரும்பு அல்லது அலுமினியத் தகடுகளைச் சாயநீரில் நிறுத்தி நேர்மின்னோட்டம் செலுத்துவர். நேர்முனைத் தகடு சிறிது சிறிதாகக் கரைந்து, நீரில் பஞ்சு போன்ற திரளாக மாறும். சாயம் அதில் ஒட்டிக்கொள்ளும். எதிர்முனையில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் ஒரு பகுதியை மேலே மிதக்கச் செய்யும். எஞ்சியது அடியில் படியும். கரையாத தகடுகளைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. அப்போது நீரிலுள்ள உப்பிலிருந்தே குளோரின் பிறந்து சாயத்தை வெளுக்கும். துணி வெளுக்கும் குளோராக்ஸின் வேலைதான் அது.

அவ்வளவு உப்பு அந்நீரில் எப்படி வந்தது? பருத்தியில் சாயம் ஏறுவதற்கெனப் பட்டறைகளில் உப்பை மிகுதியாகக் கொட்டுகின்றனர். மின்சாரம் நிறத்தைப் போக்கும், உப்பைப் போக்காது. நொய்யல் கரை வயல்களைக் கெடுத்ததில் அந்த உப்பிற்கே பெரும் பங்கு. ஆகவே நுண்சவ்வு வழியே நீரை அழுத்திப் பிரித்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி வற்றச் செய்கின்றனர். அதற்குச் செலவு மிகுதி. கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வீட்டு முற்றத்திலேயே பாத்தேக் துணிக்குச் சாயமிடும் சிறு தொழிலாளர்க்கு இஃது எளிதன்று.

எமது பள்ளியில் ஆசிரியர் மேற்பார்வையில், கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, நீலச் சாயநீரில் சிறிது உப்பிட்டு, இரண்டு இரும்பாணிகளை மின்கலத்துடன் இணைத்தோம். பழுப்புநிறத் திரள் தோன்றியது. வடிகட்டிய நீர் வெளிறியிருந்தது. "நீர் சுத்தமாகிவிட்டது!" என்று அம்மாணவி கைதட்டினாள். அந்நீரை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைக்கச் சொன்னோம். மறுநாள் தட்டின் அடியில் வெண்ணிறமாக உப்புப் படிந்திருந்தது.