வீட்டில் ஒரு ஒலிப்பதிவுக்கூடம் – 4: முதலில் அறை, பிறகுதான் மைக்

திருகோணமலைக்கு இசைத்தட்டு புதிதல்ல. இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையை இசைத்தட்டுக்குக் கொண்டுபோன முன்னோடிகளில் பரமேஸ் – கோணேஸ் சகோதரர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். ஆனால் அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக்கூடம் என்றால் கொழும்பு. வாத்தியங்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு 250 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். போனாலும் கூடம் ஒழிந்திருக்கும் நேரத்துக்குள் பாடி முடித்துவிட வேண்டும். அப்படி எத்தனை நல்ல குரல்கள் பதிவாகாமலே போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அதனால்தான் இந்தத் தொடரை எழுதுகிறேன். இன்று ஒரு மடிக்கணினியும் ஒரு ஓடியோ இன்டர்பேஸும் ஒரு மைக்கும் இருந்தால், துறைமுகத்தைப் பார்த்த சின்ன வீட்டுக்குள்ளேயே பாட்டுப் பதியலாம்.

உவர்மலையில் மேடைக் குழுவொன்றில் பாடும் இளைஞர் ஒருவர் கேட்டார்: “அண்ணா, விலை கூடின மைக் ஒண்டு எடுத்தா என்ர குரல் கொழும்பு ரெக்கோடிங் மாதிரி வருமோ?”

“தம்பி, முதல்ல உங்கட அறைக்கு நடுவில நிண்டு ஒருக்காக் கை தட்டுங்கோ” என்றேன்.

தட்டினார். தட்டி முடிந்த பிறகும் ‘ணங்’ என்று ஒரு சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி அடங்கியது. சீமெந்துத் தரை, பூசிய சுவர், பெரிய கண்ணாடி யன்னல். நம் வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். அந்த ‘ணங்’ அவர் பாடும் ஒவ்வொரு சொல்லோடும் சேர்ந்து பதிவாகும். விலை கூடிய மைக் அதை இன்னும் துல்லியமாகப் பிடித்துத் தரும், அவ்வளவுதான்.

சுவர் முழுக்க முட்டை மட்டை ஒட்டும் பழக்கம் இங்கே பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது வெளிச்சத்தத்தை மறிக்காது, கனத்த ஒலிகளை உறிஞ்சவும் செய்யாது. பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். நாம் வழக்கமாக வாங்கும் பாட்டு மைக்குகளுக்கு முன்பக்கம்தான் காது, முதுகுப்பக்கம் அநேகமாகச் செவிடு. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் நேரே மைக்குக்குள் போகிறது. ஆகவே மெத்தை பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். பக்கத்தில் சேலைகளும் சட்டைகளும் அடைந்த அலுமாரி இருந்தால் கதவைத் திறந்து விடுங்கள். அந்த இளைஞரின் அறையில் இதை மட்டும் செய்துவிட்டு மறுபடி கை தட்டச் சொன்னேன். ‘டப்’ என்று நின்றுவிட்டது. ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது நேரம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் யன்னலைச் சாத்தினாலும் தென்னோலை இரைச்சல் உள்ளே வரும். யன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தினால் பாடுகிறவர் வியர்வையில் நனைந்துவிடுவார். கோவில் மணி, பாங்கு, தேவாலய மணி எல்லாவற்றுக்கும் ஒழுங்கான நேரமுண்டு. அவற்றுக்கு இடைப்பட்ட வேளைகளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். காற்றும் ஓட்டோச் சத்தமும் அடங்கிய இரவுதான் நமக்கு வாய்த்த கூடம். அறையைக் குளிர விட்டு, பாடும் நான்கைந்து நிமிடத்துக்கு மட்டும் மின்விசிறியை நிறுத்துங்கள். மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் பல தடவை அதோடேயே நின்றுவிடும். இடையில் கரண்ட் போனாலும் பதிவு அழியாது.

இனி மைக். இந்தச் சூழலுக்கு டைனமிக் மைக்கே என் தேர்வு. 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்னும் மேடைகளில் உழைக்கிறது. நாலு விரற்கடை தூரத்தில் நின்று பாடினால் குரலைப் பிடிக்கும், பக்கத்து வீட்டை அவ்வளவாகப் பிடிக்காது. 48 வோல்ட் கேட்கும் கொண்டென்சர் மைக் நுட்பமானதுதான். ஆனால் அடங்கிய அறை கிடைக்கும்வரை அது பொறுக்கட்டும். உப்புக்காற்றின் ஈரமும் அதற்கு ஆகாது. வாங்கினால் சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் மூடி வையுங்கள்.

கணினிக்குள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டில் வெளியான ஒடாசிட்டி இன்றும் இலவசம், தொடக்கத்துக்குப் போதும். 24 பிட், 48,000 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள். ஒரு குரல் தடத்துக்கு நிமிடத்துக்கு 9 மெகாபைட்டுக்குள்தான் வரும். மிகச் சத்தமாகப் பாடும் இடத்தில் அளவுமானி -12 டெசிபெல்லை ஒட்டி நின்றால் போதும், சிவப்பைத் தொட வேண்டாம். பல தடங்களை அடுக்கும்போது, ஹெட்போனில் தன் குரல் பிந்திக் கேட்கிறது என்று பலர் தடுமாறுவார்கள். மென்பொருள் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 256 சாம்பிளாக இறக்கினால் அந்தப் பஃபரால் வரும் தாமதம் ஏறத்தாழ 5 மில்லிசெக்கன். ஒலி காற்றில் இரண்டு மீற்றர் கடக்க எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு. பதிந்து முடித்துக் கலவை செய்யும்போது 1024க்கு ஏற்றிவிடுங்கள், கணினி திணறாது.

இவ்வளவும் செய்த பிறகும் கடல் கொஞ்சம் கேட்கும். அதை அழிக்க இரைச்சல் நீக்கியைப் போட்டு முறுக்காதீர்கள். குரல் தகரம் போல் ஆகிவிடும். கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலையைப் பாடிய சம்பந்தரின் பதிகத்திலேயே கடல் இரைகிறது. கோணேசர் மீது பாட்டுப் பதிகிறவர்கள் சுவாமி மலைக்குப் போய் அலையோசையைக் கைபேசியில் தனியாகப் பிடித்து வந்து, தனித் தடமாகக் குரலுக்குக் கீழே மெல்ல வைத்துப் பாருங்கள். அறைக்குள் மிஞ்சிய இரைச்சல் அதற்குள் மறைந்துவிடும்.

அடுத்த வாரம் கிட்டாரையும் தபேலாவையும் ஒரே மைக்கில் பிடிப்பதைப் பார்க்கலாம். அதற்குள் ஒரு வேலை: அறையில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதியுங்கள். காலை, பின்னேரம், இரவு பத்து மணிக்குப் பிறகு என்று மூன்று தடவை. ஹெட்போனில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, காதில் விழும் ஒவ்வொரு சத்தத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். மைக்கை எந்த மூலையில் நிறுத்துவது என்பதை அந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவுசெய்யப் போகிறோம்.