கோபுரத்தில் முளைத்த கன்று

குற்றாலத்துக்குச் சீஸனில் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? எண்ணெய் தேய்த்துக் கொள்கிறார்கள், அருவியில் நிற்கிறார்கள், பசி எடுத்ததும் ஓட்டலைத் தேடி ஓடுகிறார்கள். இந்தத் தடவை இன்னும் ஒரு காரியம் செய்து பாருங்களேன்! மனிதன் கைவிட்டதையெல்லாம் இயற்கை எப்படி மெள்ள மெள்ளத் தன் வசமாக்கிக் கொள்கிறது என்பதைப் படம் பிடியுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று சாரலைச் சுமந்துகொண்டு வருகிறது அல்லவா? அந்தச் சாரல் பட்ட இடமெல்லாம் பச்சைதான். பூட்டிக் கிடக்கும் வீட்டுச் சுவரில் பாசி. பாசியின் மேல் பெரணி. துருப்பிடித்த வண்டியின் ஜன்னலில் எட்டிப் பார்க்கும் கொடி. வெயில் இல்லாத மந்தாரமே இதற்கு ஏற்ற வெளிச்சம். நிழல் கறுக்காது, பச்சையின் சாயல்கள் அத்தனையும் படத்தில் விழும். லென்ஸைத் துடைக்க ஒரு துணியும், குரங்குகளைக் கவனித்துக் கொள்ள ஒரு துணையும் அவசியம்!

குற்றாலத்திலிருந்து தென்காசி கூப்பிடு தூரம்தான். பழைய கட்டடங்களை அங்கேயும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடங்கள். எங்கேயாவது ஒரு சுவர் இடுக்கில் அரசங்கன்று ஒன்று தளதளவென்று நிற்கும். 'ஆகா, என்ன அழகு!' என்று கை காமிராவுக்குப் போகும். ஆனால் அந்த அழகில்தான் ஆபத்து இருக்கிறது.

பறவை ஆலம்பழத்தையோ அரசம்பழத்தையோ தின்றுவிட்டுக் கோபுரத்தில் வந்து உட்காருகிறது. எச்சத்தோடு விழுந்த விதை, செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே உள்ள ஈரத்தில் முளைக்கிறது. வேர் நீரைத் தேடி உள்ளே போகிறது, பிறகு பருக்கிறது, கல்லை நெட்டித் தள்ளுகிறது. விரிசலில் மழைநீர் இறங்குகிறது. மேலே வெட்டினால் போதாது. உள்ளே வேர் இருக்கும்வரை மறுபடி துளிர்க்கும்.

கோபுரம் இல்லாத குறை எப்படிப்பட்டது என்பது தென்காசிக்காரர்களுக்குத் தெரியும். 1446-ல் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கிய காசி விசுவநாதர் ஆலயத்தின் ராஜகோபுரம், மேல்நிலைகள் அழிந்து மொட்டையாகவே நெடுங்காலம் நின்றது. திருப்பணி முடிந்து, ஒன்பது நிலைகளோடு சுமார் 180 அடி உயரக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1990-ல்தான்!

ஆகவே, கோபுரத்திலோ மதிலிலோ கன்றைக் கண்டால் படம் எடுங்கள். ஆனால் ரசிப்பதோடு நிறுத்தாதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் விரிசல் நன்றாகத் தெரியும். தேதியை எழுதி வையுங்கள். அடுத்த சீஸனில் அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கன்று எவ்வளவு வளர்ந்தது, விரிசல் எவ்வளவு அகன்றது என்பது கண்ணாடி போலத் தெரிந்துவிடும். படங்களைக் கோயில் அலுவலகத்தில் கொடுங்கள். நீங்களே ஏறிப் பிடுங்கப் போகாதீர்கள். வேரை அடியோடு எடுத்துச் சுண்ணாம்பு பூசுவது கை தேர்ந்தவர்கள் வேலை.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்கிறீர்களா? இந்தக் கோயிலுக்குப் பழுது நேர்ந்தால் அதைச் சரிசெய்கிறவர்களின் பாதத்தைப் பணிவதாகப் பராக்கிரம பாண்டியன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். ஒரு படம் எடுத்ததற்கு ஒரு பாண்டிய மன்னர் வணங்குகிறார் என்றால், வேறென்ன வேண்டும்?