மாப்பிள்ளை வீட்டுச் செலவு

பிலிப்பைன்ஸில் கல்யாணச் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது. தகாலோக் மக்களின் வழக்கங்களை 1589இல் எழுதிவைத்த ஸ்பானியத் துறவி ஹுவான் தே பிளாசென்சியா, பரிசம் கொடுப்பவன் ஆண், அது போய்ச் சேர்வது பெண்ணின் பெற்றோரிடம் என்று குறித்திருக்கிறார். அந்த முறை இன்றும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ஆனால் அன்று அந்தச் சுமையைத் தூக்கியவர்கள் பலர்.

கிராமத்தில் பெண்ணை விரும்பிய இளைஞன் முதலில் அவள் வீட்டில் உழைத்தான். ‘பனினில்பிஹான்’ எனும் அந்தக் காலத்தில் விறகு பிளந்தான், தண்ணீர் சுமந்தான், நெல் குத்தினான். பெற்றோருக்குத் திருப்தி என்றானதும், அவன் குடும்பம் பலகாரங்களோடு மூங்கில் படியேறிப் பெண் கேட்டு வந்தது. ‘பமன்ஹிகான்’ எனும் அந்தச் சந்திப்பில்தான் நாள், ஞானப் பெற்றோர், எத்தனை பன்றி, எவ்வளவு அரிசி எல்லாம் முடிவாயின. கல்யாணத்துக்கு முதல் நாள் ஊர் ஆண்கள் மூங்கில் நட்டுப் பந்தல் போட்டார்கள், பன்றி அறுத்தார்கள். பெண்கள் கூடிச் சமைத்தார்கள். கோழி கொண்டுவந்தவர் உண்டு, அரிசி கொண்டுவந்தவர் உண்டு. மணமக்கள் ஆடும்போது விருந்தினர் அவர்கள் உடையில் பண நோட்டுகளைக் குத்திவிட்டார்கள். பெயர்தான் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. உள்ளே ஊரே போட்ட முதல் இருந்தது.

இன்று மணிலாவிலும் செபுவிலும் தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுக் கணக்கு. மண்டபம், ஒருங்கிணைப்பாளர், முன்கூட்டியே எடுக்கும் ஜோடிப் படங்கள், காலையில் எடுத்த வீடியோவை அன்றைய விருந்திலேயே தொகுத்துக் காட்டும் குழு என எல்லாமே ரொக்கம். இருவரும் சம்பாதிக்கும் உள்ளூர் ஜோடிகள் பலர் பழைய விதியைத் தளர்த்திக்கொண்டார்கள். செலவைப் பகிர்கிறார்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் அக்கா கைகொடுக்கிறாள், ஞானத் தந்தை ஒருவர் கேக்கை ஏற்றுக்கொள்கிறார். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் மட்டும் விதி மறுபடி இறுகிவிடுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. கோழி உரிக்க அவனுக்கு அங்கே அத்தை இல்லை, பன்றி தர மாமா இல்லை. ஐம்பது பேர் கையால் நடந்த வேலை முழுவதும் அவன் ஒருவன் பணமாக மாறுகிறது. அதற்காகப் பெண் வீட்டாரைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவதும் தவறு. அவர்கள் கேட்பது தங்கள் பாட்டனார் கேட்டதைத்தான்.

அன்று இல்லாத இன்னொரு செலவு காகிதம். 1987இல் வந்த குடும்பச் சட்டப்படி, வெளிநாட்டவர் தமக்கு மணம் முடிக்கத் தகுதி உண்டு என்று தம் நாட்டுத் தூதரகச் சான்று தர வேண்டும். விண்ணப்பம் 10 நாள் அறிவிப்புப் பலகையில் இருக்கும். அதன் பிறகு கிடைக்கும் உரிமம் 120 நாள் செல்லும். விண்ணப்பக் கட்டணம் சிறிதுதான். காத்திருக்கும் நாட்களின் அறை வாடகையும், வேலையில் இழக்கும் சம்பளமும்தான் பெரிது. கணவனோடு வெளிநாடு போகும் பெண், வெளிநாடுவாழ் பிலிப்பினோக்களுக்கான ஆணையத்தின் ஆலோசனை வகுப்புக்கும் போயாக வேண்டும். பெண்களைப் பட்டியலிட்டு அயல்நாட்டாருக்குக் காட்டிய தரகர்களைத் தடுக்க 1990இலும், மறுபடி 2016இலும் சட்டம் போட்ட நாடு அது. அந்த வகுப்புக்கு ஆகும் நாளை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

தேவாலயச் சடங்கு அன்றும் இன்றும் மலிவு: 13 காசுகள், முக்காடு, கயிறு, மெழுகுவத்தி. மாப்பிள்ளை அணியும் பாரோங் சட்டை, கலிபோவில் அன்னாசி நாரில் நெய்தது என்றால் விலை அதிகம். அதைவிட மலிவான துணியில் தைத்ததும் அழகாகவே இருக்கும். உடன்பிறந்தவர்கள் ஒரே ஆண்டில் மணக்கக் கூடாது என்ற நம்பிக்கையும் பல வீடுகளில் உண்டு. பெண்ணின் அக்காவுக்கு இந்த ஆண்டு கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்குச் சேமிக்க ஓராண்டு கிடைக்கும்.

பெரும்பணம் போவது பந்தியில். அழைத்தவர் நூறு என்றால் வருபவர் கூடுதலாக இருப்பார்கள். போகும்போது வீட்டிலுள்ளோருக்கும் பொட்டலம் கட்டிக்கொள்வார்கள். அதைத் தடுக்க நினைப்பது அவமதிப்பு, முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும். ஆகவே மாப்பிள்ளை பமன்ஹிகானைத் தவிர்க்கக் கூடாது. பெற்றோர் வர இயலாவிட்டால் மூத்தவர் ஒருவரையாவது அழைத்துக்கொண்டு, பலகாரத்தோடு போய் உட்கார்ந்து, தன்னால் முடிந்த தொகையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை பேர், யார் எதைத் தருகிறார்கள் என்று அங்கேயே எழுதிக்கொள்ளலாம். பெண்ணின் மாமா தன் தோட்டத்து மூங்கிலைத் தருகிறேன் என்றால், வாடகைக் கூடாரத்தை விட்டுவிட்டு அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.